சாவி இருவரிடம் இருக்கட்டும்

நீண்டநாள் நோயோடு வாழ்பவர் வீட்டில், மருந்துப் பெட்டிக்கு அடுத்தபடியாகப் போற்றிக் காக்க வேண்டிய பொருள் அவருடைய மருத்துவக் கோப்பே ஆகும். சிறுநீரக நோயாளி ஒருவரின் கோப்பைப் பிரித்தால் பல ஆண்டுகளின் கிரியேட்டினின் அளவுகள், பயாப்ஸி அறிக்கை, இரத்தம் ஏற்றிய விவரம், ஹெபடைட்டிஸ் பரிசோதனைகள், ஒவ்வாமை உண்டாக்கிய மருந்தின் பெயர் என ஒவ்வொன்றாக வெளிவரும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவராயின் திசுப்பொருத்த அறிக்கையும் டாக்ரோலிமஸ் அளவுகளும் உடன் இருக்கும். இன்றைய அறிக்கையில் கிரியேட்டினின் 2 என்று வந்தால், அது உடனே அஞ்ச வேண்டிய செய்தியா, பல ஆண்டுகளாக அப்படியே நிற்கும் அளவா என்பதைச் சொல்லக்கூடியது சென்ற ஆண்டின் தாள்தான்.

அந்தக் கோப்பு இன்று துணிப்பையிலிருந்து கைப்பேசிக்கு இடம்பெயர்ந்துவிட்டது. அறிக்கைகளைப் படமெடுத்து கூகுள் டிரைவ் போன்ற கிளவுட் சேமிப்பில் வைப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். அந்தரங்கம் காக்க விரும்பும் சிலர் அதற்கும் மேலே ஒரு குறியாக்கச் சேவையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். குறியாக்கம் என்பது கோப்பைக் கடவுச்சொல் இல்லாதவர் எவரும் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது. இது நல்ல பழக்கம், நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் அந்தக் குறியாக்கச் சேவை ஒருநாள் நிறுத்தப்பட்டால் என்ன செய்வது, அடுத்த சேவையை எதைப் பார்த்துத் தேர்வது என்ற கேள்விகளை நோயாளிகளும் குடும்பத்தினரும் எங்களிடம் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கணினி வல்லுநர்கள் இதற்குத் தரும் விடை பெரும்பாலும் பூட்டின் வலிமையைப் பற்றியதாக இருக்கிறது. நோயாளியின் பக்கம் நின்று பார்க்கும் எங்களுக்கு வேறு இரண்டு செய்திகள் முதன்மையாகப் படுகின்றன. ஒன்று, பூட்டியவர் மயங்கிக் கிடக்கும் வேளையில் அதைத் திறக்க வேறொருவர் இருக்கிறாரா என்பது. மற்றொன்று, சேவை மூடப்பட்டால் பொருளை வெளியே எடுத்துச் செல்ல வழி இருக்கிறதா என்பது.

மூடப்பட்ட கதவுகள்

சேவைகள் நிற்பது அரிய நிகழ்ச்சி அன்று. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உருவான பாக்ஸ்கிரிப்டர் என்னும் மென்பொருள் பல ஆண்டுகள் புகழோடு விளங்கியது. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் போன்ற இடங்களுக்குக் கோப்புகள் போய்ச் சேருமுன் அவற்றைப் பயனாளரின் கணினியிலேயே பூட்டி அனுப்புவது அதன் வேலை. 2022 நவம்பர் இறுதியில், அதன் முக்கியத் தொழில்நுட்பத்தை டிராப்பாக்ஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. புதிய கணக்குகள் திறப்பது நின்றது. பணம் செலுத்தியிருந்தவர்கள் தங்கள் ஒப்பந்தக் காலம் முடியும்வரை பயன்படுத்தலாம் என்றும், அதற்குள் வேறு வழி தேடிக்கொள்ள வேண்டும் என்றும் கூறப்பட்டது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பூட்டிய கோப்புகள் எங்கும் போகவில்லை. கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றைத் திறக்கும் செயலிக்குத்தான் ஆயுள் முடிந்தது. மென்பொருள் இயங்கும்போதே கோப்புகளைத் திறந்து எடுத்துக்கொள்ளாதவருக்குப் பெட்டி கையில் இருந்தும் பயனில்லை.

2024 பிப்ரவரியில் ஸ்கிஃப் என்னும் சேவையை நோஷன் நிறுவனம் வாங்கியது. குறியாக்கம் செய்த மின்னஞ்சலும் கோப்புச் சேமிப்பும் தந்துவந்த அச்சேவை அவ்வாண்டு ஆகஸ்டில் முற்றிலும் மூடப்பட்டது. பயனாளர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஆறு மாதம்.

பெரிய நிறுவனம் என்றால் நிலைத்திருக்கும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. மருத்துவக் குறிப்புகளைச் சேமிக்கவென்றே 2008-இல் தொடங்கப்பட்ட கூகுள் ஹெல்த், 2012 ஜனவரி 1 அன்று நிறுத்தப்பட்டது. தரவைப் பதிவிறக்கிக்கொள்ள மேலும் ஓராண்டு தரப்பட்டது. மைக்ரோசாஃப்டின் ஹெல்த்வால்ட் 2007-இல் வந்து 2019 நவம்பர் 20 அன்று மறைந்தது. நிறுவனம் நிலைத்திருந்தும் வசதி மட்டும் போவதும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் ஐகிளவுடுக்கு அளித்துவரும் கூடுதல் குறியாக்கப் பாதுகாப்பை, அரசின் நெருக்குதலால், பிரிட்டனில் புதிய பயனாளர்களுக்கு 2025 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது.

ஒரு மாற்றுச் சிறுநீரகம் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கக்கூடும். மேலே சொன்ன சேவைகளில் ஒன்றும் அத்தனை ஆண்டு வாழவில்லை. நோயாளி தம் சேமிப்புச் சேவையைவிட நெடுநாள் வாழப்போகிறவர். இந்த எண்ணத்தோடுதான் தேர்வு தொடங்க வேண்டும்.

பூட்டியவர் படுக்கையில் இருக்கும்போது

குறியாக்கச் சேவைகளின் பெருமை, கடவுச்சொல்லை மறந்தால் அந்நிறுவனமே நினைத்தாலும் கோப்பைத் திறக்க முடியாது என்பதுதான். உடல்நலம் உள்ள ஒருவருக்கு இது பாதுகாப்பு. நோயாளிக்கோ இதுவே இடராகவும் முடியலாம்.

சிறுநீரகம் செயலிழந்து யூரியா கூடும்போது நினைவு மங்குகிறது. கல்லீரல் நோய் முற்றும்போது தெளிவு போகிறது. பக்கவாதம் பேச்சைப் பறிக்கிறது. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவரிடம் எதையும் கேட்க இயலாது. கோப்பு மிகவும் தேவைப்படுகிற அந்த நேரத்தில், கடவுச்சொல்லை அறிந்த ஒரே மனிதர் அதைச் சொல்ல இயலாதவராக இருக்கிறார். வாசலில் நிற்கும் மனைவியோ மகனோ கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பார்கள்.

விரல்ரேகை இருக்கிறதே என்று சிலர் எண்ணலாம். அதையும் முழுமையாக நம்ப வேண்டாம். கேப்சிடபின் என்னும் புற்றுநோய் மாத்திரையை நீண்டநாள் உட்கொள்பவர் சிலருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்து ரேகைகளே மங்கிவிடுவதுண்டு. மேலும், நினைவிழந்தவரின் விரலை எடுத்துக் கைப்பேசியில் வைப்பது அவர் இசைவின்றிச் செய்யும் செயல். தெளிவோடு இருக்கும் நாளிலேயே அவர் விருப்பத்தைக் கேட்டு ஏற்பாடு செய்துகொள்வது இதைவிட நேர்மையானது.

ஆகவே எங்கள் முதல் பரிந்துரை இது: நோயாளியின் பூட்டுக்கு இரண்டு சாவிகள் இருக்க வேண்டும். கடவுச்சொல்லும் மீட்புக் குறியீடும் ஒரு தாளில் கையால் எழுதப்பட்டு, உறையிலிட்டு, வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். அந்த உறை இருக்கும் இடம், நோயாளி தாமே தேர்ந்த ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். அவர் மனைவியாகவோ கணவராகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. தங்கையாக இருக்கலாம், நெடுநாள் நண்பராக இருக்கலாம். எவரை நம்புவது என்பது நோயாளியின் உரிமை.

எதைப் பூட்டுவது, எதைத் திறந்து வைப்பது

“அப்படியானால் எதையும் பூட்டாமலே வைத்துவிடலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. கிரியேட்டினின் அளவைத் திருடி எவர் என்ன செய்யப்போகிறார் என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை இதில் இருக்கிறது. மறுபாதியை வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அறிவோம். மனநல மருத்துவக் குறிப்பு, குழந்தைப்பேறு குறித்த சிகிச்சை, மரபணுப் பரிசோதனை, மதுப்பழக்கத்துக்கான மருத்துவம் ஆகியவை தவறான கைக்குப் போனால் வேலையும் திருமணப் பேச்சும் நின்றுபோகும் சமூகத்தில் நாம் வாழ்கிறோம். எச்.ஐ.வி. நிலையை ஒருவர் இசைவின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை மீறி ஒரு படம் உறவினர் குழுவில் பரவிவிட்டால் அதைத் திரும்ப அழைக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. மருத்துவக் கோப்போடு ஆதார் நகல், காப்பீட்டு அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றையும் சேர்த்து வைப்பது நம் வழக்கம் என்பதையும் மறக்கலாகாது.

எனவே கோப்பை மூன்றாகப் பிரிப்பதே முறை என்பது எங்கள் கருத்து.

முதலாவது, பூட்டு எதுவுமில்லாத ஒற்றைத் தாள். பெயர், இரத்தப் பிரிவு, ஒவ்வாமை தரும் மருந்துகள், இப்போது உட்கொள்ளும் மருந்துகளும் அளவும், அண்மைக் கிரியேட்டினின், டயாலிசிஸ் செய்பவராயின் கிழமைகளும் உலர் எடையும் ஃபிஸ்டுலா உள்ள கையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவை அதில் போதும். இத்தாள் பணப்பையில் இருக்க வேண்டும். கைப்பேசித் திரை பூட்டியிருக்கும்போதும் பிறர் பார்க்கக்கூடிய அவசரத் தகவல் பகுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. அங்கும் இதைப் பதிந்து வைக்கலாம்.

இரண்டாவது, அன்றாட அறிக்கைகள். இவற்றுக்கு வழக்கமான கிளவுட் சேமிப்பே போதுமானது. அங்கும் குறியாக்கம் உண்டு. ஆனால் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. அதனால் கடவுச்சொல் மறந்தாலும் மீட்க வழியுண்டு. இருபடிச் சரிபார்ப்பை மட்டும் இயக்கிவைக்க வேண்டும்.

மூன்றாவது, அந்தரங்கத் தாள்கள். குறியாக்கச் சேவை இவற்றுக்கே தேவை. எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான குடும்பங்களில் இவை பத்து, இருபது பக்கங்களைத் தாண்டா. பூட்ட வேண்டியது குறைவாக இருந்தால், சேவை நிற்கும் நாளில் மாற்ற வேண்டியதும் குறைவாக இருக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம், அது பாதுகாப்பாக இருக்கும் என்று நம்புவோருக்கு ஒரு சொல். செய்தி செல்லும் வழி குறியாக்கம் பெற்றதே. ஆனால் வந்துசேர்ந்த படம் கைப்பேசியின் படத்தொகுப்பில் எல்லோருக்கும் தெரியுமாறு கிடக்கக்கூடும். வாட்ஸ்அப் காப்புப் பிரதியைக் குறியாக்கம் செய்யும் வசதி 2021-இல் வந்தது. அதற்குரிய கடவுச்சொல்லையோ 64 இலக்கச் சாவியையோ தொலைத்தால் அந்நிறுவனமும் உதவ இயலாது. வாட்ஸ்அப் தூதுவனாக இருக்கலாம், பெட்டகமாக வேண்டாம்.

அடுத்ததைத் தேர்வது எப்படி

அந்தரங்கத் தாள்களுக்குக் குறியாக்கம் தேடுவோர் முன் இரு வழிகள் உள்ளன. பூட்டும் அலமாரியும் ஒரே நிறுவனத்திடம் பெறுவது ஒரு வழி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த புரோட்டான் டிரைவ் அவ்வகையினது. பயன்படுத்த எளிது, ஆனால் அந்நிறுவனம் போனால் இரண்டும் போகும். அலமாரி எவருடையதாயினும் பூட்டு மட்டும் நம்முடையதாக இருப்பது இரண்டாவது வழி. கிரிப்டோமேட்டர் என்னும் ஜெர்மானிய மென்பொருள் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் மூலநிரல் வெளிப்படையாக உள்ளது. கணினிப் பதிப்புக்குக் கட்டணம் இல்லை. கோப்பைத் திறக்க அந்நிறுவனத்தின் சர்வர் தேவையில்லை. நாளை அந்நிறுவனம் மூடப்பட்டாலும், கணினியில் ஏற்கெனவே நிறுவிய மென்பொருள் பெட்டியைத் திறக்கும். ஓரளவு கணினிப் பழக்கம் உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இரண்டாவது வழியே மேல் என்பது எங்கள் எண்ணம். இல்லையென்றால் முதல் வழியைத் தேர்ந்து, கீழே சொல்லும் காப்பு நகலை மறவாமல் வைத்துக்கொள்வது போதும்.

எதைத் தேர்ந்தாலும் சேருமுன் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். எல்லாக் கோப்புகளையும் ஒரே முறையில் வெளியே எடுக்க முடியுமா? எடுத்தவை வேறெந்தச் செயலியும் இன்றித் திறக்கக்கூடிய பிடிஎஃப், படக்கோப்பு வடிவில் இருக்குமா? நான் இல்லாதபோது நான் குறித்த ஒருவர் திறக்க முடியுமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை கிடைக்காத சேவை எவ்வளவு வலிய பூட்டைக் கொண்டிருந்தாலும் நோயாளிக்கு ஏற்றதன்று.

நிறுத்த அறிவிப்பு வந்தால்

முதலில், வந்த அறிவிப்பு உண்மைதானா என்று பார்க்க வேண்டும். “உங்கள் சேமிப்பு நிறுத்தப்படுகிறது, இங்கே அழுத்துங்கள்” என்று பொய் மின்னஞ்சல் அனுப்பிக் கடவுச்சொல்லைக் கவர்வோர் உள்ளனர். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், செயலியை நேரே திறந்து அங்கே அதே செய்தி இருக்கிறதா என்று பாருங்கள். ஏமாற்றப்பட்டுப் பணம் போயிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும்.

அறிவிப்பு உண்மையெனில், கடைசி நாள்வரை காத்திராமல் அந்த வாரமே வேலையைத் தொடங்குவது நன்று. டயாலிசிஸ் அன்று உடல் களைத்திருக்கும், மறுநாள் செய்யலாம். மென்பொருள் இயங்கும்போதே எல்லாக் கோப்புகளையும் பூட்டுத் திறந்த நிலையில் சொந்தக் கணினிக்கு இறக்குங்கள். எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று, நடுவில் ஒன்று எனச் சிலவற்றைத் திறந்து, எழுத்துகள் படிக்கும்படி உள்ளனவா என்று பாருங்கள். பிறகு ஒரு பென்டிரைவில் காப்பு நகல் எடுத்துப் பீரோவில் பூட்டி வையுங்கள். அதன்பின் புதிய சேவையில் ஏற்றி, வேறொரு கைப்பேசியிலிருந்து திறந்து பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் பழைய கணக்கை அழிக்கலாம். இந்த வேலையை பிரவுசிங் சென்டரிலோ அலுவலகக் கணினியிலோ செய்ய வேண்டாம். பூட்டு நீங்கிய கோப்புகள் அங்கே தங்கிவிடும்.

பயன்படுத்தாததால் மூடப்படும் கணக்குகளும் உண்டு. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் வழக்கத்தை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. அப்பாவின் அறிக்கைகள் அவருடைய பழைய கணக்கில் இருந்தால் ஆண்டுக்கு இருமுறையேனும் உள்ளே சென்று பாருங்கள்.

மருத்துவமனை வைத்திருக்காதா?

வைத்திருக்கும், ஆனால் என்றென்றும் வைத்திருக்கும் கடமை இல்லை. உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்பதும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள். மூன்றாண்டு கடந்தபின் உங்கள் கையில் உள்ள நகலே மூலமாகிவிடலாம். 14 இலக்க ஆபா எண் பயனுள்ளது. ஆயினும் அது ஆவணங்களை இணைக்கும் முகவரியே ஆகும். தாள்கள் அவற்றை உண்டாக்கிய மருத்துவமனையிலேயே இருக்கின்றன.

கையில் உள்ளவற்றுக்கும் ஆயுள் உண்டு. வெப்பத்தாளில் எடுத்த இசிஜி சில ஆண்டுகளில் வெளிறிவிடும், இன்றே படமெடுங்கள். சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்கள் பதிந்த வட்டுகளைப் படிக்கும் வசதி புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இல்லை. வட்டில் உள்ள கோப்புறை முழுவதையும் பென்டிரைவுக்கு மாற்றி வையுங்கள். அதிலுள்ள நான்கைந்து படங்கள் மட்டும் எங்களுக்குப் போதா.

இதில் மருத்துவர்களுக்கும் பொறுப்பு உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியையும் பரிசோதனை அறிக்கைகளையும் எந்தச் செயலியையும் நம்பியிராத பிடிஎஃப் வடிவிலும் தாளிலும் தருவது மருத்துவமனையின் கடமை என்றே நாங்கள் கருதுகிறோம். ஒரு செயலிக்குள் மட்டும் அறிக்கை கிடைக்கும் என்று எங்கேனும் சொன்னால், எங்களிடமானாலும் பிறரிடமானாலும், தாளைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

பூட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்நியரைப் பற்றிய அச்சத்தில் தொடங்குகிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அவசரப் பிரிவில் நாங்கள் கோப்புக்காகக் கை நீட்டும்போது எதிரில் நிற்பவர் அந்நியர் அல்லர், உங்கள் குடும்பத்தவர். அவர் கையில் அந்த ஒற்றைத் தாளேனும் இருக்க வேண்டும். அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது அதை எழுதிக் கொண்டுவாருங்கள். மருந்துகளும் அளவுகளும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, தேதியிட்டுக் கையொப்பமிட்டுத் தருகிறோம்.